சியாங் மாய் ஞாயிறு இரவுச் சந்தை: திருப்பிப் பார்த்து வாங்குங்கள், கோயில் முற்றத்தில் சாப்பிடுங்கள்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் இரவுச் சந்தை என்ற பெயரில் மூன்று சந்தைகள் பிரபலம். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துப் போகிறவர்களே ஏமாந்து திரும்புகிறார்கள். சாங் க்லான் சாலையில் தினமும் நடக்கும் நைட் பஜார் ஒன்று. சனிக்கிழமை மட்டும் வுவாலாய் சாலையில் கூடுவது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய நகருக்குள் ராட்சதம்னென் சாலையில் கூடுவது மூன்றாவது. கைவினைப் பொருளுக்காகப் போகிறீர்கள் என்றால் ஞாயிறுதான். பயணத் தேதியையே அதற்காக மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவு வித்தியாசம். நைட் பஜாரில் பாதிக்கு மேல் பாங்காக்கிலும் பட்டாயாவிலும் கிடைக்கும் அதே சரக்கு. வுவாலாய் வெள்ளி வேலைக்குப் பேர்போன தெரு, சந்தை கொஞ்சம் சிறியது. ஞாயிறு சந்தையில்தான் சுற்றுப்பட்ட கிராமங்களில் செய்தவர்களே பலர் நேரில் வந்து உட்கார்ந்து விற்கிறார்கள். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே மொத்த வியாபாரியிடம் மூட்டையாக வாங்கி வந்து விரித்தவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் பிரித்தறியத் தெரிந்தால் இந்தச் சந்தை ஒரு புதையல்.

பழைய நகரம் சதுரமான அகழிக்குள் அடங்கியது. 1296-ல் மன்னர் மங்ராய் நிறுவிய ஊர். கிழக்கு வாயிலான தா பேயிலிருந்து மேற்கே வாட் ப்ரா சிங் கோயில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே நேர்கோட்டில் சந்தை. குறுக்கே வெட்டும் ப்ரா போக் க்லாவ் சாலையிலும் கடைகள் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். மாலை 4 மணி வாக்கில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடை விரிக்கத் தொடங்குவார்கள், 5 மணிக்குள் முக்கால்வாசி தயார். இரவு பத்தரை வாக்கில் மூட்டை கட்டுவார்கள். ஆறரையிலிருந்து ஒன்பது வரை தா பே முனையில் திருவிழாக் கூட்டம்: நினைத்த கடை முன்னால் நிற்க முடியாது, கூட்டம் எப்படித் தள்ளுகிறதோ அப்படிப் போக வேண்டியதுதான். அதனால் நாலரைக்கே போய்விடுங்கள். முதலில் பொருள், பிறகு சாப்பாடு. இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு: பகல் வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழே அவுரி நீலமும் கறுப்பும் ஒன்றுபோல் தெரியும். இருட்டிய பிறகு வாங்குவதாக இருந்தால் கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாலை 6 மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும். அந்த நிமிடம் சந்தை முழுவதும் அப்படியே நின்றுவிடும். பேரம் பேசிக்கொண்டிருந்தவர், பணம் எண்ணிக்கொண்டிருந்தவர், தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். அந்த நேரத்தில் நடப்பதும் படம் எடுப்பதும் மரியாதைக் குறைவு.

இனி துணி. இந்தச் சந்தையில் பணம் போட்டு வாங்கத் தகுந்தவற்றில் முதலிடம் மலைவாழ் மோங் மக்களின் அவுரித் துணிக்குத்தான். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறதே, அந்த அவுரியின் நீலச் சாயத்தைப் போன்றதுதான் இதுவும். சணல் வகை நாரிலோ பருத்தியிலோ நெய்த வெள்ளைத் துணியில், சின்னச் செப்பு முனை வைத்த பேனாவால் உருக்கிய மெழுகைத் தொட்டுக் கோலம் மாதிரி கோடு இழுப்பார்கள். துணியை அவுரித் தொட்டியில் பல முறை முக்கி எடுத்துக் காயவைத்து, பிறகு கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்துவிடுவார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். இதைப் பார்த்து அப்படியே அச்சடித்த துணியும் அடுத்த விரிப்பிலேயே கிடக்கும், தூரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பிரித்தறிய மூன்று வழிகள். ஒன்று, துணியைத் திருப்பிப் பாருங்கள். தொட்டியில் முக்கியதற்குச் சாயம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். அச்சடித்ததில் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். இரண்டு, ஒரு பிழையைத் தேடுங்கள். எங்காவது ஒரு கோடு கோணலாக இருக்கும், ஒரு புள்ளி தடித்திருக்கும். அதே கோணலும் அதே தடிப்பும் ஒரு சாண் தள்ளி மறுபடி வந்தால் அது அச்சு. கையால் இழுத்தவளுக்கு ஒரே பிழையை இரண்டு முறை செய்ய வராது. மூன்று, வெள்ளைப் பகுதிக்குள் தலைமுடி போல மெல்லிய நீலக் கீறல்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்த தடம் அது. அச்சிலும் இந்தக் கீறலைப் போடுகிறார்கள் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கையால் தேய்த்தால் விரலில் நீலம் ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அவுரியில் அது இயல்பு, முதல் சில சலவைகளுக்குத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். பயப்பட வேண்டியது சிவப்புக்குத்தான். நீலத் துணியின் மேல் சிவப்பு, ரோஸ் நூலில் குறுக்குத் தையல் போட்டிருப்பார்கள். ஈரக் கைக்குட்டையை அந்தச் சிவப்பின் மேல் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். கைக்குட்டை சிவந்தால் வைத்துவிட்டு நகருங்கள். வீட்டில் முதல் சலவையிலேயே அருகிலுள்ள வெள்ளையெல்லாம் ரோஸாகிவிடும்.

பூத்தையலுக்கும் பின்பக்கம்தான் சாட்சி. எந்திரத் தையலில் பின்னால் அடிநூல் ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையில், சீராக ஓடும். கைத்தையலில் முன்பக்க நிறங்களே பின்னாலும் இருக்கும், முடிச்சு இருக்கும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நூல் தாவியிருக்கும். தலையணை உறை, தோள்பை என்று வாங்கும்போது உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். உள்துணி வைத்து முழுக்க மூடித் தைத்திருந்தால் விரலைவிட்டுத் தடவியாவது பார்க்க வேண்டும். பழைய பாவாடைத் துண்டுகளை வெட்டி ஒட்டுப்போட்ட பைகளும் உண்டு. மடிப்புகளில் துணி நைந்திருக்கும், விரலால் லேசாக இழுத்தாலே பிரியும். சுவரில் மாட்ட நல்லது, தினசரி தூக்க உதவாது.

யானைப் படம் அச்சிட்ட கால்சட்டை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எல்லாரும் வாங்குகிறார்கள். 100 முதல் 150 பாத் (தாய்லாந்து நாணயம்) இருக்கும். ரேயான் துணி. தொடை இடுக்கில் ஒற்றைத் தையல் போட்டிருந்தால் ஊரில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த அன்றே கிழியும். அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, தையல் பல்லிளித்தால் வேறு எடுங்கள். முதல் சலவையில் சுருங்கும், ஒரு அளவு பெரிதாக எடுப்பது நல்லது. சீனாவிலிருந்து மலிவாக இறங்குவதைப் பற்றி 2024-ல் தாய்லாந்திலேயே பெரிய சர்ச்சை ஓடியது. ஆகவே அது கைவினைப் பொருள் என்று நினைத்து வாங்க வேண்டாம், வசதிக்காக வாங்குங்கள். 'பட்டு' என்று நூறு பாத்துக்குத் தரும் சால்வையும் பட்டு கிடையாது. அழகாகவே இருக்கிறது, செயற்கை நூல் என்று தெரிந்து வாங்கினால் நஷ்டமில்லை.

வெள்ளி விஷயத்தில் நம்மவர்களுக்குக் கண் உண்டு, ஆனால் இங்கே ஒரு சிக்கல். வுவாலாய் கைவினைஞர்கள் வெள்ளியைத் தட்டும் அதே உளி, அதே சுத்தியல், அதே கைத்திறனோடு அலுமினியத் தகட்டையும் தட்டுகிறார்கள். யானை முகம், கோயில் காட்சி, ராசிச் சக்கரம் என்று சுவர்த் தகடுகள் அற்புதமாக இருக்கும். அலுமினியம் என்று தெரிந்தே வாங்கலாம், வேலைக்குக் கொடுக்கும் விலை அது. வெள்ளி என்று சொல்லி விற்றால் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவு அலுமினியத்தைவிட வெள்ளி ஏறக்குறைய நான்கு மடங்கு கனம். காந்தம் எடுத்துப்போவதில் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. ஜெர்மன் சில்வரோ கனத்திலும் வெள்ளிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நகை என்றால் 925 (அதாவது 92.5 சதவீதம் வெள்ளி) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலைவாழ் கரேன் மக்களின் மணிகளிலும் பதக்கங்களிலும் வெள்ளி அதைவிடச் சுத்தமாக இருப்பது வழக்கம், அதனால் மென்மையாக இருக்கும், வளைந்துகொடுக்கும். முத்திரையும் இல்லை, எடைபோட்டுத் தரவும் இல்லை என்றால் அழகுக்கு என்ன விலை தருவீர்களோ அதை மட்டும் கொடுங்கள்.

காகிதக் குடை போ சாங் கிராமத்திலிருந்து வருகிறது. நகருக்குக் கிழக்கே சுமார் 9 கிலோமீட்டர். காகித முசுக்கட்டை மரப்பட்டையை வேகவைத்து அடித்துச் செய்யும் 'சா' காகிதத்தை மூங்கில் கம்பிகளின் மேல் ஒட்டி, எண்ணெய் பூசி, கையால் பூ வரைவார்கள். வாங்கும்முன் ஐந்து முறையாவது விரித்து மடக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் நடுத்தண்டின் மரக்குமிழில் நூலால் கோத்திருக்கும். அந்த நூல் தளர்ந்த குடை ஒரு பக்கம் சாயும். பிறகு தலைகீழாகப் பிடித்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மாவு போல் மஞ்சள் நிறத் தூள் விழுந்தால் மூங்கிலுக்குள் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு எடுத்துப்போனால் பிரம்பு நாற்காலிக்கும் பரவும். மழைக்குப் பிடிக்க நினைத்தால் எண்ணெய் பூசிய காகிதம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். நிறம் மட்டும் பூசியது இரண்டு தூறலில் குழைந்துவிடும்.

அரக்குப் பூச்சுக் கிண்ணங்களில் விளிம்பை இரு விரலால் அழுத்தினால் மூங்கில் பின்னல் லேசாக வளைந்து திரும்பும். வளையவே வளையாமல் விறைத்து நின்றால் பிளாஸ்டிக்கா என்று சந்தேகப்படுங்கள். சோப்பில் செதுக்கிய தாமரை, ரோஜா எல்லாம் பார்க்கக் கண்ணுக்கு விருந்து. செதுக்கும் வேகத்தை நின்று பார்ப்பதே ஒரு அனுபவம். ஆனால் சென்னை வெயிலில் இதழ் சுருங்கி வெடிக்கும், மூடியைத் திறக்காமல் வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். புத்தர் சிலை மட்டும் யோசித்து வாங்குங்கள். நாட்டை விட்டு எடுத்துப்போகத் தாய்லாந்தின் நுண்கலைத் துறை அனுமதி வேண்டும், கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

பேரம் உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி கேட்கும் இடம் இது கிடையாது. நைட் பஜாரில் ஏற்றிச் சொல்வார்கள், இறக்கலாம். ஞாயிறு சந்தையில் செய்தவரே விற்கும்போது சொல்லும் விலையில் பத்து, மிஞ்சினால் இருபது சதவீதம் குறையும், அதுவும் இரண்டு மூன்றாக எடுத்தால். "லோட் தாய் மாய்" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும், குறைக்க முடியுமா என்று பொருள். முடியாது என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஒரு சின்ன அவுரிச் சதுரத்துக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது. பணம் பெரும்பாலும் ரொக்கம்தான். க்யூஆர் அட்டை எல்லாக் கடையிலும் தொங்கும், அது உள்ளூர் வங்கிக் கணக்குக்கானது. நம் செயலிகளை நம்பிப் போகாதீர்கள். 20, 50, 100 பாத் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத் எத்தனை ரூபாய் என்று அன்றைய விகிதத்தைப் பார்த்து வைத்தால் மனத்துக்குள் பெருக்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குச் சாலையில் நிற்காதீர்கள். சாலையோரம் இருக்கும் கோயில் முற்றங்களுக்குள் நுழையுங்கள். வாட் பான் ஓன், வாட் சம்பாவ் போன்ற கோயில்களின் வளாகங்களில்தான் சாப்பாட்டுக் கடைகள் கூட்டமாக இருக்கும், உட்கார மேசை நாற்காலியும் உண்டு. கோயில் எல்லைக்குள் மது கூடாது, சட்டப்படியே தடை.

ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிட முடியும் என்றால் கனோம் க்ரோக். நம் குழிப்பணியாரத்தின் தங்கை என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் புளித்த மாவு கிடையாது, திருப்பிப் போடுவதும் கிடையாது. இரும்புக் குழிக்கல் நன்றாகக் காய்ந்ததும் உப்புப் போட்ட அரிசி மாவுக் கரைசலை முக்கால் குழிக்கு ஊற்றுவார்கள். 'சொய்ங்' என்று சத்தம் வந்தால்தான் கல் சூடு சரி. ஓரம் பிடிக்கத் தொடங்கும்போது இனிப்புக் கலந்த கெட்டித் தேங்காய்ப்பாலை நடுவில் விட்டு, மேலே வெங்காயத்தாளோ சோளமோ சேப்பங்கிழங்கோ தூவி மூடிவிடுவார்கள். சில நிமிடங்களில் ஓரம் பழுப்பாக மொறுமொறுக்கும், நடு மட்டும் தளதளவென்று நிற்கும். கரண்டியால் நெம்பி எடுத்து இரண்டு இரண்டாகக் கவிழ்த்துச் சேர்த்து வாழையிலைத் தொன்னையில் தருவார்கள். அந்த நடுப்பகுதி நெருப்பு, கடித்தால் நாக்கு வெந்துவிடும், இரண்டு நிமிடம் பொறுங்கள். வாங்கும்முன் கல்லைப் பாருங்கள்: ஓரம் வெள்ளையாகவே எடுத்து அடுக்கி வைத்திருக்கும் கடையில் தின்றால் கஞ்சி தின்பது போலிருக்கும். சைவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதே மாதிரிக் கல்லில் காடை முட்டையும் உடைத்து ஊற்றுவார்கள், ஒரே கல்லா தனிக் கல்லா என்று கவனித்து வாங்குங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வடக்கின் அடையாளம் சாய் ஊவா. பன்றி இறைச்சியோடு எலுமிச்சைப்புல், கலங்கல் எனும் சித்தரத்தை வகைக் கிழங்கு, மஞ்சள், காய்ந்த மிளகாய், காஃபிர் எலுமிச்சை இலை எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்துச் சுருளாகக் கரியில் சுடுவது. நிறுத்து விற்பார்கள். இங்கேதான் பலர் தடுமாறுவது: பலகையில் இருக்கும் விலை பல கடைகளில் ஒரு 'கீட்'டுக்கு, அதாவது 100 கிராமுக்கு. கிலோ விலை என்று நினைத்து அரைக் கிலோ வெட்டச் சொல்லிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு கீட் போதும். கூடவே ஒட்டரிசிச் சோறு ஒரு சின்னப் பையும், நாம் ப்ரிக் நும் எனும் சுட்ட பச்சைமிளகாய்த் துவையலும் வாங்கிக்கொள்ளுங்கள். சோற்றை விரல்நுனியில் சின்ன உருண்டையாகப் பிடித்துத் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும், கரண்டி வேண்டாம். காவ் சோய் எனும் தேங்காய்ப்பால் குழம்பு நூடுல்ஸும் கிடைக்கும், 50 பாத்துக்கு மேல் ஆகும். சந்தைக் கிண்ணம் சிறியது, மேலே போடும் பொரித்த நூடுல்ஸ் சீக்கிரம் நமுத்துப்போகிறது. அதை மறுநாள் மதியம் நல்ல கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதே சரி.

சைவச் சாப்பாட்டுக்கு இரண்டு சொற்கள் தெரிந்தால் பிழைக்கலாம். 'மங்சாவிரத்' என்றால் இறைச்சி இல்லாதது. மாமிசம், விரதி என்ற வடசொற்கள்தான், காதில் விழுந்தாலே நமக்குப் புரியும். முட்டை, பால் இருக்கலாம். 'ஜே' என்றால் முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாதது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். வெறுமனே "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் பாட் தாய் எனும் வறுத்த நூடுல்ஸிலும் பப்பாளி சாலட்டிலும் மீன் சாறும் காய்ந்த இறாலும் வந்தே தீரும். அவர்கள் கணக்கில் அவை இறைச்சி இல்லை, உப்பு மாதிரி. "மய் சாய் நாம் ப்ளா", அதாவது மீன் சாறு போட வேண்டாம், என்று சேர்த்துச் சொல்லுங்கள். பரோட்டா மாவு மாதிரி வீசி விரித்துப் பொரிக்கும் வாழைப்பழ ரொட்டியில் கேட்காமலே முட்டை உடைப்பார்கள், மாவு கல்லில் விழுமுன் சொல்லிவிட வேண்டும். மாம்பழ ஒட்டரிசிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல காலம். சோறு லேசான சூட்டில் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தால் அரிசி நறநறக்கும், வேண்டாம்.

குடிக்க 'நாம் மதூம்' கேளுங்கள், நம் வில்வப்பழம்தான். காய்ந்த துண்டுகளைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு, கருகின சர்க்கரையின் மணம். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறுவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். எல்லாமே அளவுக்கு மீறிய இனிப்பு, "வான் நோய்" என்றால் குறைத்துத் தருவார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை போவது உத்தமம். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களும் காடும் எரிந்து ஊர் முழுக்கப் புகை. ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது. மே முதல் அக்டோபர் வரை மாலை மழை வரலாம். மேகம் கறுத்தால் துணிக்கடைகள்தான் முதலில் மூட்டை கட்டும், மனத்தில் குறித்து வைத்ததை உடனே வாங்கிவிடுங்கள்.

திரும்பும்போது தா பே வாயிலிலேயே நிற்கும், பலர் சேர்ந்து போகும் சிவப்பு வண்டியில் ஏறினால் அதிக விலை கேட்பார்கள். நகருக்குள் பங்கு சவாரிக்கு வழக்கமாக ஒரு ஆளுக்கு 30 பாத்தான். அகழியைத் தாண்டி இரண்டு தெரு நடந்து ஓடுகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள், அல்லது அங்கே நின்று கிராப், போல்ட் செயலியில் கூப்பிடுங்கள். சந்தைக்குள்ளிருந்து கூப்பிட்டால் வண்டி உள்ளே வர முடியாமல் ரத்தாகும். குடை வாங்கியிருந்தால் கடைக்காரரிடம் அட்டைக் குழாய் கேளுங்கள், விமானத்தில் சரக்குப் பெட்டியோடு போட்டுவிடலாம். மிளகாய்த் துவையல் டப்பாவையும் அதோடு வையுங்கள். கைப்பையில் இருந்தால் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.